160ஆம் விமான அணியும் இந்து சமுத்திரப் போரும்

இரண்டாவது உலக மகாயுத்தத்திற் பங்குகொண்ட கனரகக் குண்டுவீச்சு விமானங்களின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் ஐரோப்பியக் களத்தையே நோக்கினர். 1942ஆம் ஆண்டு மே மாத இறுதியில் ஆயிரத்துக்கு மேற்பட்ட விமானங்கள் ஒரே இரவிற் கொலோன் நகரைத் தாக்கியமையும், 1943இல் ஹம்பேர்க்கும் 1945இல் டிறெஸ்டனும் தீக்கிரையானமையும் அந்நூல்களில் விரிவாகக் கூறப்படுகின்றன. அப்போரிற் பிரித்தானியக் குண்டுவீச்சுப் படை இழந்த விமானிகளின் தொகை 55,573 ஆகும். எத்தனை தொன் குண்டு வீசப்பட்டது, எத்தனை நகரம் அழிந்தது என்பனவே அவ்வரலாற்றின் அளவுகோல்கள்.

இவ்வளவுகோலுக்கு அடங்காத ஓர் அணியும் அதே காலத்தில் இருந்தது. றோயல் விமானப் படையின் 160ஆம் அணி கனரகக் குண்டுவீச்சுக்கென்றே இங்கிலாந்தில் அமைக்கப்பட்டது. ஆயினும் அதன் வாழ்நாளின் பெரும்பகுதி இலங்கையிலே கழிந்தது. இரத்மலானை, சிகிரியா, காங்கேசன்துறை, மின்னேரியா ஆகிய நான்கு தளங்களிலிருந்தும் அது வங்காள விரிகுடாவையும் அதற்கப்பாலுள்ள கடல்களையும் கடந்து பறந்தது. குண்டு வீசுதற்கென ஆக்கப்பட்ட அவ்வணி அங்கே செய்த வேலைகளுட் குண்டு வீசுதல் முதன்மை பெறவில்லை. வேவு பார்த்தல், நிழற்படம் எடுத்தல், கப்பல்களைக் காத்தல், கடற்கண்ணி விதைத்தல், காட்டினுள் இருந்தோர்க்குப் பொருள் இறக்குதல் என்பனவே அதன் தொழில்களாயின. இம்மாற்றம் ஏன் நேர்ந்தது, அதனால் விளைந்த பயன் யாது என்பன ஆராயத்தக்கவை.

குண்டுவீச்சுக் கோட்பாடும் லிபரேற்றரும்

முதலாவது உலக யுத்தத்தின் பின்னர் இத்தாலியத் தளபதி டூகே 1921இல் வெளியிட்ட நூலொன்றில், எதிர்காலப் போர்களை ஆகாயமே தீர்மானிக்கும் என்றும், பகைவனின் நகரங்களைத் தாக்கி மக்களின் மனவுறுதியைக் குலைக்கும் நாடே வெல்லும் என்றும் வாதிட்டார். இங்கிலாந்தில் விமானப் படையைக் கட்டியெழுப்பிய ட்றெஞ்சார்ட் என்பாரும் இதனோடு ஒத்த கருத்துடையவராயிருந்தார். நான்கு இயந்திரங்களையுடைய கனரக விமானங்கள் இக்கோட்பாட்டின் பயனாகவே தோன்றின.

அமெரிக்காவின் கொன்சொலிடேற்றட் நிறுவனம் ஆக்கிய லிபரேற்றர் விமானம் 1939ஆம் ஆண்டு டிசெம்பர் 29ஆந் திகதி முதன்முதலாகப் பறந்தது. யுத்தம் முடிவதற்குள் 18,000க்கு மேற்பட்ட லிபரேற்றர்கள் ஆக்கப்பட்டன. அதன் சிறகுகள் ஒரு நுனியிலிருந்து மறுநுனி வரை 110 அடி நீளமுடையவை. அவை ஒடுங்கி நீண்ட தனித்த அமைப்புடையன. அவ்வமைப்பே குறைந்த பெற்றோலுடன் நெடுந்தூரம் செல்லும் ஆற்றலை அவ்விமானத்துக்கு அளித்தது. ஒவ்வோர் இயந்திரமும் 1,200 குதிரை வலுவுடையது. குண்டுகளை வைக்கும் அறையிலே மேலதிகத் தாங்கிகளைப் பொருத்தியும், வேண்டாத துப்பாக்கிகளையும் கவசத் தகடுகளையும் கழற்றியும் அதன் பறப்பெல்லையை மேலும் விரிக்க இயன்றது. இவ்வொரு குணமே 160ஆம் அணியின் தலைவிதியை வகுத்தது எனலாம்.

பிரிந்து வளர்ந்த அணி

160 என்னும் எண் 1918இலும் ஓர் அணிக்கு வழங்கப்பட்டதுண்டு. அவ்வணி சில வாரங்கள் பெயரளவில் இருந்து, போர்முகங் காணாமலே கலைக்கப்பட்டது. மெய்யான தோற்றம் 1942ஆம் ஆண்டு சனவரி 16ஆந் திகதி பெட்போட்சயரிலுள்ள தேர்லி என்னுமிடத்தில் நிகழ்ந்தது. அதே மாதத்தில் அமைக்கப்பட்ட 159ஆம் அணி அதன் உடன்பிறப்புப் போன்றது. இரண்டும் லிபரேற்றர் விமானங்களுடன் இந்தியாவுக்குச் செல்லவேண்டியவை.

தரையில் வேலைசெய்யும் பொறிவலாளரும் பணியாளரும் பெப்ரவரியிற் கப்பலேறினர். விமானிகள் பயிற்சிக்காகப் பின்தங்கினர். அவர்கள் சூன் மாதத்தில் இந்தியாவை நோக்கிப் புறப்பட்டபோது மத்தியதரைக் கடலின் நிலைமை நெருக்கடியாயிருந்தது. எனவே எகிப்திலே அவர்கள் நிறுத்தப்பட்டனர். இவ்வாறு ஓர் அணி இரண்டாகப் பிளந்தது. விமானங்கள் எகிப்தில் நின்றன. அவற்றைப் பேணவேண்டியவர்கள் விமானமின்றி இந்தியாவில் இருந்தனர்.

மோல்ற்றா தீவு அப்பொழுது உணவும் எரிபொருளும் இன்றி வாடியது. 1942 சூன் நடுப்பகுதியில் அலெக்சாந்திரியாவிலிருந்து அத்தீவுக்குச் சென்ற கப்பற் கூட்டத்தை மறிப்பதற்கு இத்தாலியப் பெருங்கடற்படை வெளிவந்தது. அதனை 160ஆம் அணியின் லிபரேற்றர்களும் அமெரிக்க லிபரேற்றர்களும் உயரத்திலிருந்து தாக்கின. லித்தோரியோ என்னும் போர்க்கப்பல் மீது ஒரு குண்டு விழுந்தும் பெருஞ்சேதம் விளையவில்லை. அலெக்சாந்திரியாவிலிருந்து புறப்பட்ட கப்பற் கூட்டம் மோல்ற்றாவை அடையாமலே திரும்பியது. பின்னர் ஆபிரிக்கப் பாலைவனப் போருக்கு உதவியாகத் தோபுறூக்குத் துறைமுகம் முதலிய இலக்குகள் தாக்கப்பட்டன. 1943 சனவரி 15ஆந் திகதி எகிப்திலிருந்த இப்பகுதி 178ஆம் அணி என்னும் புதுப் பெயரைப் பெற்றது. 160ஆம் அணி குண்டுவீச்சு அணியாகவே இயங்கிய காலம் இந்த ஏழு மாதங்களே எனின் மிகையாகாது.

1942 ஏப்பிரில் தந்த பாடம்

இலங்கைக்கு அவ்வணி ஏன் வேண்டப்பட்டது என்பதை விளங்கிக்கொள்ளுதற்கு ஓராண்டு பின்னோக்கிச் செல்லல் வேண்டும். 1942 பெப்ரவரி 15ஆந் திகதி சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச்சு மாதத்தில் இரங்கூனும் அந்தமான் தீவுகளும் யப்பானியர் வசமாயின. ஏப்பிரில் 4ஆந் திகதி இலங்கைக்குத் தெற்கே வேவு பார்த்துக்கொண்டிருந்த கற்றலீனாக் கடல்விமானம் ஒன்று நாகுமோ தளபதியின் கப்பற்படையைக் கண்டு செய்தி அனுப்பியது. செய்தி முற்றாக அனுப்பப்படுமுன்னர் அது சுட்டு வீழ்த்தப்பட்டது. மறுநாள், உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பு தாக்கப்பட்டது. 9ஆந் திகதி திருகோணமலை தாக்கப்பட்டதோடு, ஹேர்மீஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பலும் மட்டக்களப்புக்கு அப்பாற் கடலில் மூழ்கடிக்கப்பட்டது.

அன்று 11ஆம் அணியைச் சேர்ந்த ஒன்பது பிளெனிம் விமானங்கள் மட்டுமே நாகுமோவின் கப்பல்களைத் தேடிச்சென்று தாக்கின. இரு இயந்திரங்களையுடைய அச்சிறு விமானங்களின் குண்டுகள் இலக்கிற் படவில்லை. ஒன்பதில் ஐந்து அழிந்தன. பிரித்தானியக் கீழைக் கப்பற்படை ஆபிரிக்கக் கரையிலுள்ள கிளிந்தினித் துறைமுகத்துக்குப் பின்வாங்கியது. 1944 தொடக்கத்திலேதான் அதன் பெரும்பகுதி திருகோணமலைக்குத் திரும்பியது.

இவ்விடைக்காலத்தில் இலங்கைக்குக் கிழக்கேயுள்ள கடல் பாதுகாவலின்றிக் கிடந்தது. வடசுமாத்திராவிலோ மலாக்கா நீரிணையிலோ பகைவன் படை திரட்டுகின்றானா என்பதை அறிதற்கு வழியில்லை. இலங்கைக்கும் சுமாத்திராவின் வடமுனைக்கும் இடைப்பட்ட தூரம் ஏறத்தாழ 1,000 மைல். இத்தூரத்தைச் சென்று, பகற்போதில் வேண்டியவற்றைப் பார்த்து மீளத்தக்க விமானமே தேவைப்பட்டது. கற்றலீனா தூரஞ் செல்லும்; ஆனால் மிக மெதுவாகச் செல்லும்; பகைவனின் போர்விமானங்களுக்கு எளிதில் இரையாகும். லிபரேற்றர் ஒன்றே இக்குறையை நீக்க வல்லது. வங்காளத்துச் சால்பனித் தளத்திலிருந்த 160ஆம் அணி 1943 பெப்ரவரியில் இரத்மலானைக்கு மாற்றப்பட்டதன் காரணம் இதுவே.

சிகிரியாவும் நிழற்படப் பணியும்

இரத்மலானை கொழும்புக்கு அண்மையிலுள்ளது. கிழக்குக் கடலுக்குச் சேய்மையிலுள்ளது. ஆதலின் 1943 ஓகத்தில் அணி சிகிரியாவுக்குச் சென்றது. ஐந்தாம் நூற்றாண்டிற் காசியப்ப மன்னன் அரண் அமைத்த குன்றின் அயலிலே, காட்டை வெட்டி ஓடுபாதை அமைக்கப்பட்டிருந்தது. உலர்வலயத்தின் அப்பகுதி மலேரியாக் காய்ச்சலுக்குப் பெயர்பெற்றது.

இங்கிருந்து அந்தமான், நிக்கோபார்த் தீவுகளுக்கும் வடசுமாத்திராவுக்கும் நிழற்படப் பறப்புகள் நடைபெற்றன. ஒரு கடற்கரையின் படங்களைத் தொடர்ச்சியாகவும் ஒன்றன்மேல் ஒன்று சிறிது படியுமாறும் எடுத்தால், அவற்றை இரட்டையாக வைத்து நோக்குவோர்க்கு மேடுபள்ளங்கள் புலப்படும். கரையோரத்தின் சாய்வு, பாலங்கள், விமானத் தளங்கள், பீரங்கி நிலைகள் ஆகியவற்றை அவ்வாறு கணித்து நிலப்படங்கள் ஆக்கப்பட்டன. வடசுமாத்திராவிற் படையிறக்க வேண்டுமெனச் சேர்ச்சில் பெரிதும் விரும்பினார். அத்திட்டத்துக்குக் கல்வெரின் என்பது மறைபெயர். அதற்குரிய படங்களுட் பல இலங்கையிலிருந்து சென்ற லிபரேற்றர்களாற் பெறப்பட்டவை. போதிய கப்பல்களும் படைகளும் கிடைக்காமையாற் கல்வெரின் திட்டம் ஒருபோதும் நிறைவேறவில்லை. எனினும் ஒரு படையிறக்கம் இயலாதென்று அறிந்துகொள்வதற்கும் அப்படங்கள் வேண்டியிருந்தன.

அத்தகைய பறப்பு ஒன்றின் இயல்பை எண்ணிப் பார்த்தல் பயனுடைத்து. எட்டுப்பேர் அல்லது பத்துப்பேர் இரவின் பிற்பகுதியிற் புறப்படுவர். கடலுக்கு மேலே வழிகாட்டும் அடையாளம் எதுவுமில்லை. வழிகணிப்போன் விண்மீன்களை அளந்தும், அலைகளின் போக்கினின்றும் காற்றின் விசையை உய்த்துணர்ந்தும் வழியைக் குறிப்பான். கணக்கில் ஒரு பாகை தவறின், ஆயிரம் மைலின் முடிவில் ஏறத்தாழப் பதினேழு மைல் விலக நேரும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்திற் கடலின் மேல் மேகங்கள் மலைபோல் எழுந்து நிற்கும். அவற்றுட் புகுந்த விமானம் மீளுதல் அரிது. இயந்திரம் பழுதுற்றால் இறங்குதற்குத் தரையில்லை. பகைவரின் துப்பாக்கியினும் வானிலையும் தூரமுமே இவ்வணியின் பெரும் பகைகளாயிருந்தன.

நீர்மூழ்கிகளும் கப்பற் காவலும்

1943ஆம் ஆண்டிலிருந்து யப்பானிய நீர்மூழ்கிகளோடு ஜேர்மன் நீர்மூழ்கிகளும் பினாங்குத் துறைமுகத்தைத் தளமாகக் கொண்டு இந்து சமுத்திரத்தில் இயங்கின. அவற்றால் விளைந்த கேட்டுக்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். 1944 பெப்ரவரி 12ஆந் திகதி மொம்பாசாவிலிருந்து கொழும்புக்கு வந்துகொண்டிருந்த கெடிவ் இஸ்மாயில் என்னும் கப்பல், மாலைதீவுக்கு அண்மையில் யப்பானிய நீர்மூழ்கி ஒன்றினால் தாக்கப்பட்டுச் சில நிமிடங்களில் அமிழ்ந்தது. போர்வீரரும் தாதியருமாக ஏறத்தாழ 1,300 பேர் மாண்டனர்.

கப்பற் கூட்டங்களுக்கு மேலே பறந்து காவல் செய்தல் 160ஆம் அணியின் நாளாந்தக் கடமையாயிற்று. றேடார்க் கருவி பூட்டிய லிபரேற்றர் வானில் நிற்பதை அறிந்த நீர்மூழ்கி மேலெழுந்து ஓட அஞ்சும். நீருள்ளே அதன் வேகம் குறைவாதலாற் கப்பற் கூட்டத்தை எட்டிப்பிடிக்க இயலாது. ஒன்றும் நிகழாமற் கழிந்த பன்னிரண்டு மணி நேரமே இப்பணியின் வெற்றியாகும். இத்தகைய வெற்றியைக் கணக்கேடுகளிற் பதிவுசெய்தல் அரிது. அதனாலேயே வரலாற்றாசிரியரும் அதனை எளிதிற் கடந்துவிடுவர்.

காங்கேசன்துறையில்

1944 ஓகத்தில் அணி காங்கேசன்துறைத் தளத்துக்கு வந்தது. விமானப் படையின் ஏடுகளில் அப்பெயர் பெற்றிருந்த தளம் பலாலியிலே, வலிகாமம் வடக்கின் செம்மண் பரப்பில் அமைந்திருந்தது. பிரித்தானியரோடு கனடா, அவுஸ்திரேலியா முதலிய நாட்டினரும் அவ்வணியில் விமானிகளாயிருந்தனர். 1945 பெப்ரவரியில் 160ஆம் அணி மின்னேரியாவுக்குச் செல்ல, லிபரேற்றர்களைக் கொண்ட மற்றோர் அணியாகிய 203ஆம் அணி காங்கேசன்துறைக்கு வந்தது.

யாழ்ப்பாணத்து மக்களுக்கு இப்பறப்புகளின் திசை பொருளற்றதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி தொடங்கி யாழ்ப்பாணத்து இளைஞர் பலர் மலாயாவுக்குச் சென்று புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் வைத்தியசாலைகளிலும் தொழில் பார்த்தனர். அவர்கள் அனுப்பிய பணத்தால் இங்கு வீடுகள் எழுந்தன, கோயில்கள் திருத்தம் பெற்றன, பிள்ளைகள் கற்றனர். சிங்கப்பூரின் வீழ்ச்சியோடு இத்தொடர்பு அறுந்தது. தந்தை உளரோ, தமையன் உளரோ என்பதை அறியாமல் மூன்றரை ஆண்டுகளைக் கழித்த குடும்பங்கள் பல. பலாலியிலிருந்து கிழக்கு நோக்கி எழுந்த விமானங்கள் அவ்வுறவினர் வாழ்ந்த கடற்பக்கத்துக்கே சென்றன. ஆயினும் இராணுவ இரகசியங் காரணமாக, அவை செல்லும் இடம் அயலவர்க்குக் கூறப்படுவதில்லை.

இவ்வணியின் இலச்சினையும் ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. வாளேந்தி நிற்கும் சிங்களச் சிங்கம் அதிலே பொறிக்கப்பட்டது. விமானப் படையணிகளின் விருதுவாக்கியங்கள் இலத்தீனிலோ ஆங்கிலத்திலோ அமைதல் பெருவழக்கு. 160ஆம் அணியோ 'அப்பி சொயா பரகஸமு' என்னும் சிங்கள வாக்கியத்தைத் தனதாக்கிக் கொண்டது. 'நாம் தேடித் தாக்குவோம்' என்பது அதன் பொருள். தாக்குதலினும் தேடுதல் முன்னிற்றல் அவ்வணியின் உண்மைத் தொழிலுக்குப் பொருத்தமானதே.

கடற்கண்ணி விதைத்தல்

தூரத்தை வெல்லும் கலையிற் பெரும் முன்னேற்றத்தை உண்டாக்கியது வங்காளத்திலிருந்த 159ஆம் அணி. அதன் தலைவராயிருந்த பிளாக்பேர்ண் என்பார் வேகம், உயரம், இயந்திரச் சுழற்சி ஆகியவற்றை நுணுக்கமாக ஒழுங்குபடுத்தின், செலவாகும் பெற்றோலைப் பெரிதுங் குறைக்கலாம் என்பதைச் செய்து காட்டினார். நெடுந்தூரப் பறப்புகளில் 3,000 இறாத்தல் வரை ஏற்றிய லிபரேற்றர்கள் அதன்பின் 8,000 இறாத்தல் ஏற்றத்தக்கனவாயின. 1944 ஒற்றோபர் மாதத்தில் அவர் தலைமையிற் பதினைந்து விமானங்கள் பினாங்குத் துறைமுகத்தின் வாயிலிற் கடற்கண்ணிகளை இட்டு, ஒன்றும் இழக்காது மீண்டன.

160ஆம் அணியும் இத்தொழிலை மேற்கொண்டது. கடற்கண்ணி இடுதல் குண்டு வீசுதலினும் கடினமானது. இரவில், சில நூறு அடி உயரத்தில், குறித்த கோட்டிற் குறித்த இடைவெளி விட்டுப் பரசூட்டுடன் கண்ணிகளை இறக்க வேண்டும். ஆழமும் நீரோட்டமும் முன்னரே அறியப்பட்டிருத்தல் வேண்டும். 1945 மார்ச்சு மாதத்தில் அவ்வணியின் லிபரேற்றர்கள் இலங்கையிலிருந்து நேரே சிங்கப்பூருக்குச் சென்று, அத்துறைமுகத்தின் வழிகளிற் கண்ணி விதைத்துத் திரும்பின. போகவர 3,000 மைலுக்கு மேற்பட்ட பயணம் அது; இருபது மணி நேரத்துக்கு மேல் நீடித்தது. மூன்றாண்டுகளுக்கு முன்னர் வெல்லமுடியாத கோட்டையெனப் பிரித்தானியர் கருதி இழந்த துறைமுகத்தை, அவர்களின் விமானங்களே கண்ணியிட்டு அடைக்க முற்பட்டமை வரலாற்றின் விசித்திரங்களுள் ஒன்று.

இப்பணியின் மறுபக்கத்தையும் மறைத்தல் தகாது. கண்ணிக்குப் போர்க்கப்பல் இது, அரிசி ஏற்றிய மரக்கலம் இது என்னும் பேதம் தெரியாது. மலாயா தன் உணவுக்குப் பிற நாட்டு அரிசியையே பெரிதும் நம்பியிருந்தது. துறைமுகங்கள் அடைபடுந்தோறும் பகைவன் நலிந்தான். அவனோடு குடிமக்களும் நலிந்தனர். அங்கிருந்த தமிழரும் மரவள்ளிக் கிழங்கை உண்டு நாட்கழித்தோருள் அடங்குவர். நகரங்களின்மேல் நெருப்பை வீசுதலினின்றும் இது வேறுபட்டதாயினும், முற்றும் குற்றமற்ற போர் என்று ஒன்றில்லை என்பதை இது உணர்த்துகின்றது.

காட்டுக்குள் இறங்கிய பொருள்கள்

யுத்தத்தின் இறுதி மாதங்களில் அணியின் தொழில் மீண்டும் மாறியது. மலாயாக் காடுகளிலே யப்பானியரை எதிர்த்து நின்ற கரந்துறை படையினருடன் தொடர்பு கொண்டிருந்த '136ஆம் படை' என்னும் இரகசிய அமைப்பினர் இலங்கையிலிருந்தும் இயங்கினர். தொடக்கத்தில் நீர்மூழ்கிகளின் மூலமே அவர்களின் ஆட்கள் மலாயாக் கரையை அடைந்தனர். 1945இல் லிபரேற்றர்கள் அவ்வேலையை ஏற்றன. ஆட்களும் ஆயுதங்களும் மருந்தும் வானொலிக் கருவிகளும் பரசூட் மூலம் காட்டு வெளிகளில் இறக்கப்பட்டன. தரையிலே மூட்டப்பட்ட சிறு தீயே அடையாளம். மேகம் மூடின் அதுவும் தென்படாது. அப்போது பொருளுடனேயே ஆயிரத்தைந்நூறு மைல் திரும்பிப் பறக்க வேண்டியிருந்தது. 1945 சூலையில் 160ஆம் அணியின் லிபரேற்றர் ஒன்று இப்பணியில் 24 மணி நேரத்துக்கு மேலாக வானில் நின்று மின்னேரியாவுக்கு மீண்டது.

ஓகத்து 15ஆந் திகதி யப்பான் பணிந்தது. ஆயினும் தோக்கியோவில் உடன்படிக்கை கைச்சாத்திடப்படுமுன் எவரும் படையிறக்கலாகாது என்று தளபதி மக்காதர் கட்டளையிட்டமையால், தென்கிழக்காசியாவிலிருந்த சிறைமுகாம்களை உடனடியாக அணுக இயலவில்லை. அம்முகாம்களிலே பட்டினியும் நோயும் ஒவ்வொரு நாளும் உயிர்களைக் கவர்ந்தன. எனவே ஓகத்து 28ஆந் திகதி முதல் இலங்கை, இந்தியா, கொக்கோசுத் தீவு ஆகியவற்றிலிருந்த லிபரேற்றர்கள் முகாம்களுக்கு மேலே துண்டுப் பிரசுரங்களை வீசின. தொடர்ந்து உணவையும் மருந்தையும் இறக்கின. குண்டுகளைத் தாங்குவதற்கென அமைந்த கொளுக்கிகளிலே பாற்பொடியும் மருந்துப் பெட்டிகளும் தொங்கின. செப்தெம்பர் 12ஆந் திகதி சிங்கப்பூரில் யப்பானியர் முறைப்படி சரணடைந்தனர். அதன் பின்னர் யாழ்ப்பாணத்துக்கு மலாயாக் கடிதங்கள் மீண்டும் வரத் தொடங்கின. அவற்றுட் சில உயிரோடிருந்தோரின் கையெழுத்தைத் தாங்கி வந்தன. சில மரணச் செய்தியைத் தாங்கி வந்தன. சயாம்-பர்மாப் புகையிரதப் பாதையில் மாண்ட பல்லாயிரம் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்க்கோ கடிதம் எழுதுவாரும் இலர்.

அணியின் முடிவும் எச்சங்களும்

1946 சூனில் 160ஆம் அணி இலங்கையை விட்டு ஸ்கொத்லாந்திலுள்ள லூக்கர்சுத் தளத்துக்குச் சென்றது. அங்கு லங்காஸ்ரர் விமானங்களைப் பெற்ற சின்னாட்களில், அதாவது ஒற்றோபர் 1ஆந் திகதி, அதற்கு 120ஆம் அணி என்னும் எண் இடப்பட்டது. அத்திலாந்திக் சமுத்திரத்தில் நீர்மூழ்கிகளை வேட்டையாடிப் புகழ்பெற்ற அணியின் எண் அது. அவ்வெண் நிலைத்தது, 160 என்னும் எண் மறைந்தது. சிங்களச் சிங்கமும் அதனோடு ஏட்டில் அடங்கியது.

லிபரேற்றர்களின் கதை வேறாயிற்று. அமெரிக்காவிடமிருந்து குத்தகை முறையிற் பெற்ற அவ்விமானங்களுட் பல யுத்த முடிவிற் கைவிடப்பட்டன. கான்பூரிற் குவிந்து கிடந்தவற்றுள் ஒரு பகுதியை இந்தியப் பொறிவலாளர் திருத்தியெடுத்தனர். 1948 நவம்பரில் அவற்றைக் கொண்டே சுதந்திர இந்தியாவின் முதற் கனரகக் குண்டுவீச்சு அணி அமைந்தது. 1968 வரை அந்நாட்டு விமானப் படை லிபரேற்றர்களைப் பயன்படுத்தியது.

தளங்களும் எஞ்சின. மின்னேரியாத் தளம் இங்குறாக்கொடை என்னும் பெயரால் அறியப்படுகின்றது. பலாலித் தளம் சமாதான காலத்துக்கும் பயன்பட்டது. 1947 டிசெம்பர் 10ஆந் திகதி எயர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகவே சென்னைக்குச் சென்றது. பின்வந்த உள்நாட்டுப் போரில் அத்தளம் மீண்டும் இராணுவத் தளமாகி, 1990 முதல் அயற் கிராமத்தவர் தம் நிலங்களை விட்டு அகல நேர்ந்தது. 2019 ஒற்றோபரில் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்னும் பெயருடன் அது திறக்கப்பட்டது. ஒரே ஓடுபாதை இணைப்பதற்கும் பிரிப்பதற்கும் மாறிமாறிப் பயன்பட்டமைக்கு இது சான்று.

கடலில் வீழ்ந்து மறைந்த விமானிகளுக்குக் கல்லறை இல்லை. சிங்கப்பூரில் கிறாஞ்சி என்னுமிடத்திலுள்ள நினைவுச் சுவர்களில், புதைகுழி அறியப்படாத 24,000க்கு மேற்பட்டோரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. தென்னாசியாவிலும் கிழக்காசியாவிலும் அவற்றைச் சூழ்ந்த கடல்களிலும் மறைந்த விமானிகளின் பெயர்களும் அவற்றுள் அடங்கும்.

இதுகாறுங் கூறியவற்றால் இரண்டு உண்மைகள் பெறப்படும். போரிலே ஒரு படைக்கருவியின் பயனை அதை ஆக்கியோரின் கோட்பாடு மட்டும் தீர்மானிப்பதில்லை; அது நிற்கும் நிலமும் அதன்முன் விரிந்த கடலும் தீர்மானிக்கின்றன. நகரங்களை அழித்தற்கென்று தோன்றிய கனரக விமானம் இந்து சமுத்திரத்தை அடைந்தபோது, ஆயிரம் மைல் அப்பால் நோக்கும் கண்ணாயிற்று. இறுதியில் பசித்தோர்க்கு உணவு கொண்டுசெல்லும் கையாயிற்று. 160ஆம் அணி போரின் முடிவைத் தீர்மானித்தது எனக் கூறுதல் பொருந்தாது. பர்மாவிலும் பசுபிக் சமுத்திரத்திலுமே அது தீர்மானிக்கப்பட்டது. ஆயினும் அதன் பணி இல்லாதிருப்பின் கப்பல்களில் வந்தோர் பலர் கரை சேர்ந்திரார். முகாம்களிற் கிடந்தோர் பலர் தம் நாடு மீண்டிரார்.

இரண்டாவது உண்மை இலங்கை வரலாற்றைக் கற்பிப்போர்க்கும் கற்போர்க்கும் உரியது. இந்நாட்டின் யுத்த வரலாறு 1942 ஏப்பிரிலில் விழுந்த குண்டுகளோடு பெரும்பாலான பாடநூல்களில் முடிந்துவிடுகின்றது. அதன்பின் வந்த மூன்று ஆண்டுகளில் இத்தீவு தாக்குண்ட இடமாயிராமற் செயற்பட்ட இடமாயிருந்தது. அச்செயலின் சுவடுகள் சிகிரியாக் காட்டிலும் மின்னேரியாவிலும் பலாலிச் செம்மண்ணிலும் கிடக்கின்றன. மலாயாவில் உறவினரை இழந்தும் மீண்டும் பெற்றும் வாழ்ந்த குடும்பங்களின் பழங் கடிதங்களிலும் கிடக்கின்றன. அவற்றை அழியுமுன் தேடித் தொகுத்தல் இன்றைய மாணவருக்கு எட்டாத பணியன்று.